பல கைகளில் ஒரு காலணி

சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மண் பெரம்பலூர். அம்மாவட்டத்தின் எறையூர் சிப்காட் தொழிற்பூங்காவில் 2022 நவம்பரில் காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மறு ஆண்டு நவம்பரில் உற்பத்தி தொடங்கியது. உழவையே நம்பியிருந்த குடும்பங்களின் பெண்கள் ஆலைப் பணிக்குச் செல்லலாயினர். "அம்மா அங்கே என்ன செய்கிறார்?" என்று வினவும் குழந்தைக்குச் "செருப்புச் செய்கிறார்" என்று விடை கூறினால், அது பாதி உண்மையே. ஊர்ச் செருப்புத் தொழிலாளி தோலை அளந்து, வெட்டி, தைத்து, அடிப்பகுதி பொருத்தி, முழுக் காலணியையும் தாமே முடிப்பார். ஆலையிலோ ஒவ்வொரு செயலும் ஒவ்வொருவரிடம் இருக்கும். இதுவே வேலைப் பகுப்பு.

இதனைக் குழந்தைகளுக்கு உணர்த்தப் பழைய செய்தித்தாளும் பசையும் போதும். நான்கு குழந்தைகள் கால் மணி நேரம் தனித்தனியே காகித உறை செய்யட்டும். அடுத்த கால் மணி நேரம் ஒருவர் வெட்ட, ஒருவர் மடிக்க, ஒருவர் ஒட்ட, ஒருவர் சரிபார்க்கட்டும். கத்தரிக்கோலை எடுப்பதிலும் வைப்பதிலும் கழிந்த நேரம் மிஞ்சும். ஒரே செயலில் கை பழகும். உறைகள் பெரும்பாலும் கூடும். அவற்றின் எண்ணிக்கையை நான்கால் வகுத்தால் கால் மணி நேரத்தில் ஒருவரின் உற்பத்தித்திறன் கிடைக்கும். கிழிந்த உறைகளைக் கணக்கில் சேர்த்தல் கூடாது.

விரைவிலேயே ஒட்டும் குழந்தையின் முன் மடித்த தாள்கள் குவியும். மடிப்பவர் எவ்வளவு விரைந்தாலும் பயனில்லை. மிக மெதுவாக நடக்கும் செயலின் வேகமே வரிசையின் வேகம். அக்குழந்தையைக் கடிந்துகொள்வதைவிட, வெட்டி முடித்தவரை ஒட்டுவதற்குத் துணையாக அமர்த்துவதே நன்று. மேற்பார்வையாளர் சிலருக்கும் இப்பாடம் தேவை.

ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட 'நாடுகளின் செல்வம்' என்னும் நூலில் ஒரு குண்டூசிப் பட்டறையைக் காட்டுகிறார். அங்கே பத்துப் பேர் வேலையைப் பகுத்துக்கொண்டு நாளொன்றுக்கு 48,000 ஊசிகள் செய்தனர்; பயிற்சியற்ற ஒருவர் தனியே செய்தால் 20 ஊசிகள்கூடத் தேறா என்பது அவர் கருத்து. அதே நூலில், ஓரிரு எளிய செயல்களிலேயே வாழ்நாளைக் கழிப்பவரின் அறிவு மழுங்கும் என்றும் அவர் எச்சரிக்கிறார். 48,000த்தை நினைவில் வைத்தோர் பலர். எச்சரிக்கையை நினைவில் வைத்தோர் சிலரே.

எனினும், தனித்திறன் வேலையெல்லாம் அறிவைக் குறுக்குவதில்லை. அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை 1979 முதல் இயங்குகிறது. தொல்கடல் உயிரிகளின் எச்சங்கள் பொதிந்த அப்பகுதியின் சுண்ணாம்புக்கல், நொறுக்கி அரைக்கப்பட்டு, சூளையில் ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கிளிங்கராகி, ஜிப்சத்துடன் மீண்டும் அரைபட்டுச் சிமெண்ட் ஆகிறது. இத்தகைய சூளையைக் கட்டுப்பாட்டறையிலிருந்து இயக்குபவருக்குப் பணி ஒன்றே; ஆனால் கல்லின் தன்மை, எரிபொருளின் வெப்பம், காற்றின் அளவு ஆகிய அனைத்தையும் அவர் அறிந்திருக்க வேண்டும்.

காகித உறை வரிசையிலும் அத்தகைய அறிவுக்கு இடமுண்டு. மூன்றாம் சுற்றில் குழந்தைகள் இடம் மாறி அமரட்டும். தொடக்கத்தில் உறைகள் குறையும். நான்கு வேலைகளும் அனைவருக்கும் பழகிய பின்னர், ஒரு குழந்தை நீர் அருந்த எழுந்து சென்றாலும் வரிசை நிற்காது.