புளி எந்தப் பாத்திரத்தில் ஆகும், எதில் ஆகாது?

பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் புளிக்குப் பஞ்சமில்லை. அதிலுள்ள டார்டாரிக் அமிலம் உலோகத்தை அரிக்கும். பித்தளைக் குடம் புளி போட்டுத் தேய்த்ததும் பளிச்சென்று ஆவது அதனால்தான். கூடக் கொஞ்சம் கல் உப்பு சேர்த்தால் கறை சீக்கிரம் போகும். அலசியதும் ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள்.

ஈயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும் புளிக்குழம்பு வைக்கவே கூடாது. அலுமினியமும் வேண்டாம். இரும்புச் சட்டியில் வைக்கலாம். ஆனால் இறக்கியதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் குழம்பு கறுத்துப்போகும். வருஷத்துக்குச் சேர்த்து வைக்கும் புளிக்கு மண்பானையோ பீங்கான் ஜாடியோதான் சரி.

எவர்சில்வர் ரசத்தைக் குறை சொல்லவில்லை. ஈயச் சொம்பு ரசத்தின் ருசியே தனி. வாங்கும்போது சுத்தமான வெள்ளீயம்தானா என்று நம்பகமான கடையில் கேட்டு வாங்குங்கள். காரீயம் நஞ்சு. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே சொம்பை அடுப்பில் ஏற்றுங்கள். நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள். வெறும் சொம்பை ஏற்றினால் அடியே ஓட்டையாகிவிடும்.

பாத்திரத்தைப் போலவே சமைக்கும் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். பாப்பிரெட்டிப்பட்டி இருக்கும் தர்மபுரி மாவட்டத்தில் பல ஊர்களின் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வையுங்கள். துணி துவைக்கப் போர் தண்ணீர் போதும்.