பனிச் சாலைக்கு ஏற்ற கார் எது?



பனி என்றால் மார்கழி மாதத்துக் காலையில் புல் நுனியில் நிற்குமே, அது ஒன்றுதான் நமக்குத் தெரிந்த பனி. அப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்து, ஆட்டோமொபைல் பிரிவில் மூன்றாம் ஆண்டு படிக்கும் நான், பனி கொட்டும் நாட்டில் எந்தக் கார் வாங்கலாம் என்று எழுதுவது உங்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். இந்தப் பாடத்தை நானாகத் தேடிப் போய்ப் படிக்கவில்லை. படித்தே ஆகவேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

என் அக்கா திருமணமாகி கனடா நாட்டின் ஒட்டாவா நகரில் இருக்கிறார். அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் இரவு ஷிப்ட் வேலை. 2023 அக்டோபரில் ஒருநாள் போன் செய்தார். அம்மா பக்கத்தில் இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

"போன பனிக்காலத்துல ஒருநாள், வேலை முடிஞ்சு பாப்பாவை டே கேர்ல விடறதுக்குப் போயிட்டிருந்தேன்டா. சிக்னல் சிவப்பு. பிரேக்கை அழுத்தறேன், கார் நிக்கவே இல்லை. வழுக்கிட்டே போய் நடு ஜங்ஷன்ல நின்னுச்சு. அந்த நேரம் குறுக்கே வண்டி எதுவும் வரலை. வந்திருந்தா... சரி, அதை விடு. அம்மாகிட்ட மட்டும் சொல்லாதே. அந்தப் பழைய காரைக் கொடுத்துட்டு வேற வாங்கப் போறோம். கையில பத்தாயிரம் டாலர்தான் இருக்கு. அத்தான் ஜீப் மாதிரி பெரிய ஃபோர் வீல் டிரைவ் வண்டி பார்த்து வெச்சிருக்கார், 2006 மாடல். எனக்கு 2013 மாடல் சின்னக் கார் ஒண்ணு பிடிச்சிருக்கு. நீதான் ஆட்டோமொபைல் படிக்கிறியே, எது நல்லது, சொல்லு."

நான் யோசிக்கவே இல்லை. "ஃபோர் வீல் டிரைவ்தான்க்கா. நாலு சக்கரமும் இழுக்கும். கனமான வண்டி, ரோட்டைக் கவ்விப் பிடிக்கும்" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். இரண்டாம் ஆண்டு மாணவன் அல்லவா, அந்த மிதப்பு!

ஒரே ஒரு கேள்வி

மறுநாள் ஒர்க் ஷாப்பில் எங்கள் இன்ஸ்ட்ரக்டரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்ப்பா, ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு எத்தனை வீல்ல பிரேக்?"

"நாலு வீல்லயும் சார்."

"சாதாக் காருக்கு?"

"அதுக்கும் நாலு வீல்லதான் சார்."

"உங்க அக்காவுக்கு வண்டி கிளம்பாமப் போச்சா, நிக்காமப் போச்சா?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. நான்கு சக்கரமும் இழுத்தால் பனிக்குவியலிலிருந்து வண்டி சுலபமாகக் கிளம்பும், மேடு ஏறும். உண்மைதான். ஆனால் பிரேக் போடும்போது எல்லாக் கார்களும் நான்கு சக்கர வண்டிகளே. சொல்லப்போனால், சுலபமாகக் கிளம்பிவிடும் வண்டியில் இருப்பவருக்குச் சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பதே தெரியாமல் போய்விடும். "போய்க் கணக்குப் போட்டுப் பாரு. அப்புறம் அக்காவுக்கு போன் பண்ணு" என்று அனுப்பிவிட்டார்.

கணக்கு என்ன சொல்கிறது?

முதலாமாண்டு இயற்பியலில் நாம் எல்லோரும் படித்ததுதான். பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம் = (வேகம் × வேகம்) ÷ (2 × உராய்வுக் குணகம் × 9.8). வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்ற கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மணிக்கு 50 கி.மீ. என்றால் வினாடிக்குச் சுமார் 13.9 மீட்டர்.

உராய்வுக் குணகத்தைத் தோராயமாக எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு இது:

1. காய்ந்த தார்ச் சாலை (0.7): சுமார் 14 மீட்டர்.
2. இறுகிய பனி (0.2): சுமார் 49 மீட்டர்.
3. வழவழப்பான பனிக்கட்டி (0.1): சுமார் 98 மீட்டர்.

கடைசி எண்ணைக் கவனியுங்கள். நூறு மீட்டர் ஓட்டப் பந்தயத்தின் தொடக்கக் கோட்டில் பிரேக் பிடித்தால் வண்டி முடிவுக் கோட்டின் அருகில் போய்த்தான் நிற்கும்! ஓட்டுபவர் ஆபத்தைப் பார்த்துப் பிரேக்கில் கால் வைக்கும்வரை ஓடும் தூரம் இதில் சேரவில்லை.

இந்தச் சூத்திரத்தில் இரண்டு பாடங்கள் உண்டு. முதலாவது, வண்டியின் எடை இதில் எங்குமே இல்லை. எடை கூடினால் உராய்வு விசையும் கூடும். நிறுத்த வேண்டிய சுமையும் அதே அளவு கூடும். இரண்டும் அடிபட்டுப் போகும். "கனமான வண்டி சீக்கிரம் நிற்கும்" என்று நான் அக்காவுக்குச் சொன்னது சுத்தத் தவறு. இரண்டாவது, வேகத்தைப் பாதியாக்கினால் தூரம் கால் பங்காகிவிடும். அதே பனிக்கட்டியில் 25 கி.மீ. வேகத்தில் போனால் சுமார் 25 மீட்டரில் வண்டி நின்றுவிடும்.

வேகம் ஓட்டுபவர் கையில் இருக்கிறது. உராய்வு? அது டயரில் இருக்கிறது. காருக்கும் பூமிக்கும் உள்ள உறவெல்லாம் உள்ளங்கை அகலமுள்ள நான்கு ரப்பர்த் துண்டுகள்தான்!

டயரே முதல் பாதுகாப்பு

சாதாரண டயரின் ரப்பர் குளிரில் இறுகிக் கெட்டியாகிவிடும். வெப்பநிலை சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனாலே அதன் பிடிப்பு குறையத் தொடங்கும் என்பது பொதுவான கணக்கு. பனிக்காலத்துக்கென்றே செய்யப்படும் வின்டர் டயரின் ரப்பர் கடுங்குளிரிலும் மிருதுவாக இருக்கும். அதன் பட்டன்கள் ஆழமானவை. ஒவ்வொரு பட்டனிலும் பிளேடால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும். அந்த விளிம்புகள்தான் பனியைக் கவ்வுகின்றன. மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் வரைந்த முத்திரை டயரின் பக்கவாட்டில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். "ஆல் சீசன்" என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது.

ஒட்டாவா இருப்பது ஒன்டாரியோ மாகாணத்தில். அங்கே வின்டர் டயர் போட வேண்டும் என்று பொதுவான கட்டாயம் இல்லை. ஆற்றைத் தாண்டினால் கியூபெக் மாகாணம். அந்த மாகாணத்தில் பதிவான கார்களுக்கு 2008 முதல் வின்டர் டயர் சட்டப்படி கட்டாயம். இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை போட்டிருக்க வேண்டும். இக்கரைக்கும் அக்கரைக்கும் பனி ஒன்றுதான். சட்டம் மட்டும் வேறு! ஆகவே சட்டம் சொல்லவில்லையே என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

இன்னொன்று. செலவு மிச்சம் என்று இழுக்கும் சக்கரங்கள் இரண்டுக்கு மட்டும் வின்டர் டயர் போடுவோர் உண்டு. இது ஆபத்து. முன்பக்கம் பிடித்து, பின்பக்கம் வழுக்கினால் கார் பம்பரமாகச் சுற்றிவிடும். போட்டால் நான்கும் போட வேண்டும்.

இரண்டாவது பாதுகாப்பு

டயருக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், சுருக்கமாக இ.எஸ்.சி. ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கார் உண்மையில் எந்தப் பக்கம் போகிறது என்பதை இது சென்சார்கள் மூலம் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் தேவையான ஒரு சக்கரத்துக்கு மட்டும் தானே பிரேக் போட்டு, எஞ்சின் வேகத்தையும் குறைத்து, காரை நேர்வழிக்குக் கொண்டுவரும். ஓட்டுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒரு பெடலை வைத்து ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட முடியுமா?

பாஷ் நிறுவனத்தின் இந்த அமைப்பு 1995-இல் மெர்சிடிஸ் பென்ஸ் காரில் முதலில் வந்தது. 1997-இல் சுவீடன் நாட்டுப் பத்திரிகை ஒன்று, சாலையில் திடீரென்று குறுக்கிடும் பெரிய மானைத் தவிர்க்கத் திருப்புவதுபோல ஒரு சோதனை நடத்தியது. அதில் மெர்சிடிஸ் ஏ கிளாஸ் கார் கவிழ்ந்தது. அதன் பிறகு அந்தச் சிறிய காருக்கும் இந்த அமைப்பைப் பொருத்தினார்கள். கனடாவில் 2011 செப்டம்பர் முதல் தயாரான புதிய கார்களுக்கு இது கட்டாயம்.

ஆகவே, அக்கா பார்த்த 2013 மாடல் சின்னக் காரில் இ.எஸ்.சி. இருந்தது. அத்தான் பார்த்த 2006 மாடலில் இல்லை. உயரமான அந்த வண்டிக்கு ஈர்ப்பு மையமும் உயரம். கவிழும் வாய்ப்பு அதிகம். அதன் டயர்களை அக்கா போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். பட்டன் தேய்ந்து ஏறக்குறைய மொட்டை!

ஏ.பி.எஸ். பற்றியும் ஒரு வார்த்தை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதால் பிரேக் போடும்போதும் வண்டியைத் திருப்ப முடியும். ஆனால் உதிரிப் பனியில் நிற்கும் தூரம் சற்று அதிகமாகலாம். இல்லாத உராய்வை எந்தக் கம்ப்யூட்டராலும் உண்டாக்க முடியாது என்பதை மறந்துவிடக் கூடாது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

எங்கள் இன்ஸ்ட்ரக்டர் உதவியுடன் அக்காவுக்கு நான் எழுதி அனுப்பிய பட்டியல் இதுதான்:

1. பேட்டரி: மைனஸ் 18 டிகிரியில் அதன் ஸ்டார்ட்டிங் திறன் ஏறத்தாழப் பாதியாகிவிடும். அதே நேரத்தில் எஞ்சின் ஆயில் கெட்டியாகி, சுழற்றுவதும் கடினமாகும். பழைய பேட்டரியானால் பனிக்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

2. ஆயில், கூலன்ட்: கார் கம்பெனி சொன்னபடி 0டபிள்யூ அல்லது 5டபிள்யூ வகை ஆயில். "டபிள்யூ" என்பது வின்டரைக் குறிக்கும். கூலன்ட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் மைனஸ் 35 டிகிரி வரை உறையாது.

3. பார்வை: பின் கண்ணாடியின் டிஃபாகர் கம்பிகள், ஹீட்டர், வைப்பர், ஹெட்லைட் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றனவா?

4. டயர் காற்று: வெப்பநிலை 5, 6 டிகிரி குறைந்தால் காற்று சுமார் 1 பி.எஸ்.ஐ. குறையும். மாதம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

5. சைலன்சர் குழாய்: பனி கொட்டிய காலையில் எஞ்சினை ஓடவிடும் முன் குழாயின் வாயில் பனி அடைத்திருந்தால் வாரி எடுக்க வேண்டும். இல்லையேல் கார்பன் மோனாக்சைடு வாயு காருக்குள் புகுந்து உயிரைக் குடித்துவிடும்.

6. குழந்தை: பஞ்சு வைத்த தடித்த கோட்டோடு குழந்தையைச் சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போடக் கூடாது. மோதும்போது பஞ்சு அமுங்கி, பெல்ட் தொளதொளத்துவிடும். கோட்டைக் கழற்றி, பெல்ட்டை இறுக்கிப் போட்டு, மேலே கோட்டையோ கம்பளியையோ போர்த்த வேண்டும்.

ஆறாவதைப் படித்துவிட்டு அக்கா சிறிது நேரம் பேசவில்லை. "போன வருஷம் பூரா கோட்டோடதான்டா பெல்ட் போட்டேன்" என்றார்.

முடிவு என்னவாயிற்று?

அத்தான் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "மாப்ளே, நீ பனியையே பார்த்ததில்லை. எனக்குச் சொல்றியா?" என்றார். நியாயமான கேள்விதான். நான் வாதாடவில்லை, கணக்கை மட்டும் எழுதி அனுப்பினேன். ஒன்டாரியோவில் 2016 முதல் வின்டர் டயருக்கு இன்சூரன்ஸில் சலுகை உண்டு என்பதையும் சேர்த்தேன். இரண்டு நாள் கழித்து, சின்னக் காரை 8,800 டாலருக்கு வாங்கினார்கள். மிச்சப் பணத்தில் நான்கு வின்டர் டயர்.

முதல் பனி விழுந்ததும் அக்கா காலியான ஒரு பார்க்கிங் மைதானத்தில் மெதுவாக ஓட்டி, திடீர் பிரேக் போட்டுப் பழகினார். கார் எப்போது வழுக்கும் என்பதை ஆபத்தில்லாத இடத்தில் தெரிந்துகொள்வது எவ்வளவு நல்லது!

2024 பிப்ரவரியில் ஒரு காலை. வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இருந்தது. கடுங்குளிரைவிட இந்த நிலைதான் மோசம். பனிக்கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருப்பதால் வழுக்கல் அதிகம். மேலும், மேலும் கீழும் காற்றுப் படும் பாலங்கள்தான் முதலில் உறையும். அப்படி ஒரு பாலத்தில் அக்காவுக்கு முன்னால் போன வேன் சுற்றிக்கொண்டு குறுக்கே நின்றுவிட்டது. அக்கா 30 கி.மீ. வேகத்தில்தான் வந்தார், நிறைய இடைவெளியும் விட்டிருந்தார். பிரேக் பெடல் காலுக்கடியில் துடித்ததாம். வேனுக்கு இரண்டு கார் தூரம் முன்னதாகவே வண்டி நின்றது. பின் சீட்டில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள்.

அன்று இரவு போனில், "இதை அம்மாகிட்டயே சொல்லிட்டேன்டா" என்றார் அக்கா. எனக்கு வேறு பாராட்டுத் தேவைப்படவில்லை.

நண்பர்களே! பனிக்காலத்துக்கு ஏற்ற கார் எது என்று யாராவது உங்களைக் கேட்டால், பெரிய வண்டியா சிறிய வண்டியா என்று தொடங்காதீர்கள். "எப்படிக் கிளம்பும்?" என்று கேட்கும் முன் "எப்படி நிற்கும்?" என்று கேளுங்கள். நல்ல டயர் நான்கு, அடுத்து இ.எஸ்.சி., அதற்கடுத்து நல்ல பார்வையும் பேட்டரியும். இவற்றுக்குப் பிறகு பணம் மிஞ்சினால் ஃபோர் வீல் டிரைவைப் பற்றி யோசிக்கலாம்.

நமக்கும் இதில் வேலை இருக்கிறது. நம் ஊரில் பனி கொட்டாது. ஐப்பசி மழை கொட்டும். சென்ற வாரம் நம் கல்லூரி சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கும் பைக்குகளின் டயர்களைக் குனிந்து பார்த்தேன். மொட்டை டயர்கள் பல. அவற்றில் என்னுடையதும் ஒன்று. அன்று மாலையே மாற்றிவிட்டேன். நீங்களும் போய்க் கொஞ்சம் குனிந்து பாருங்கள்!