வட்டத்திற் சுழலும் பொருள்களின் இயல்பு: கவணும், வண்டியும், பம்பும்

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய குன்றுகளைச் சூழ்ந்த பாறைப் பாங்கான பூமியில், கோடையில் கிணற்று ஜலம் வெகுவாகக் கீழிறங்கிவிடுவது குடியானவர் யாவரும் அறிந்ததே. அந்த ஜலத்தை மேலேற்றும் பம்பும், விளைந்த நிலக்கடலையையும் நெல்லையும் விற்பனைக்கூடத்திற்குக் கொண்டுசெல்லும் டிராக்டர் வண்டியும் ஒரே இயற்கை விதிக்கு உட்பட்டவை. அவ்விதியை அறிந்தோருக்கு வீண் செலவும் விபத்தும் குறையுமாதலின், அதனை இங்கு விளக்குவோம்.

1. விதி

கொல்லையிற் கிளியோட்டுவோர் கவண் சுற்றும்போது, கயிறு கல்லை ஓயாமல் கையை நோக்கி இழுத்துக்கொண்டிருக்கிறது. அதனாலேயே கல் வட்டமாகச் செல்கிறது. கயிற்றின் ஒரு நுனியை விட்டவுடன், கல் கைக்கு நேர் எதிராக வெளியே பாய்வதில்லை. அக்கணத்தில் எத்திசையிற் சென்றுகொண்டிருந்ததோ அத்திசையிலேயே, வட்டத்தைத் தொட்டுச் செல்லும் நேர்கோட்டிற் புறப்படுகிறது. எனவே, இயங்கும் பொருள் இயல்பாக நேரே செல்லவே முற்படும். அதனை வளைக்க மையத்தை நோக்கிய இழுப்பு ஒன்று வேண்டும். இதற்கு மையநோக்கு விசை என்று பெயர். இதன் அளவைப் பற்றிய விதிகளை ஹாலந்து தேசத்து ஹைகென்ஸ் என்பார் 1673-ல் வெளியிட்டார்.

இவ்விசை பொருளின் எடைக்குத் தக்கபடி கூடும். வேகம் இருமடங்கானால் நான்கு மடங்காகும். அதே வேகத்தில் வளைவு அகன்றால் குறையும். 100 கிராம் கல்லை ஒரு மீட்டர் கயிற்றிற் கட்டி விநாடிக்கு ஒரு சுற்று சுற்றினால், கயிறு தாங்கும் இழுப்பு சுமார் 400 கிராம். இரண்டு சுற்றாக்கினால் அது 800 அன்று, 1,600 கிராம்.

2. வளைவிற் செல்லும் வண்டி

20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டியை வளைக்க, அதன் மொத்த எடையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு விசை வேண்டும். 36 கிலோமீட்டர் வேகத்திற்கோ எடையிற் பாதி வேண்டும். அதாவது, 4 டன் வண்டிக்கு முன்னது அரை டன், பின்னது 2 டன். இவ்விசையைச் சக்கரத்தின் அடியில் ரஸ்தா கொடுக்கிறது. பாரமோ உயரத்தில் இருக்கிறது. சக்கரங்களின் இடையகலம் ஒன்றரை மீட்டராகவும், பாரத்தின் நடுமையம் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்திலும் இருப்பின், மேற்சொன்ன 36 கிலோமீட்டர் வேகத்திலேயே உட்சக்கரம் மேலெழும்பி வண்டி கவிழத் தொடங்கும். மூட்டைகளை இன்னும் உயர அடுக்கினால் அதற்குக் குறைந்த வேகமே போதும். ஆகையால் பாரத்தைத் தாழவும் பரவலாகவும் அடுக்குக. வளைவுக்கு முன்னரே வேகத்தைத் தணிக்குக. மூட்டைகளின்மேல் ஆட்களை ஏற்றலாகாது.

3. பம்பு

பம்பின் உள்ளே இம்பெல்லர் என்னும் இறக்கைச் சக்கரம் சுழல்கிறது. ஜலத்தை வட்டத்தில் நிறுத்திவைக்கத்தக்க கயிறு அங்கில்லாமையால், அது ஓரத்திற்கு ஒதுங்கி வேகமும் அழுத்தமும் பெற்று வெளிக்குழாயில் ஏறுகிறது. நடுவில் அழுத்தம் குறைவதால், கிணற்று ஜலத்தை ஆகாயத்தின் அழுத்தம் மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தம் சுமார் 10 மீட்டருக்கு மேல் ஜலத்தைத் தூக்காது. அனுபவத்தில் 6 அல்லது 7 மீட்டரே எல்லை. எத்தனை குதிரைசக்தி மோட்டார் வைத்தாலும் இவ்வெல்லை மாறாது. நீர்மட்டம் அதற்குக் கீழ் இறங்கினால், பம்பைக் கிணற்றினுள் தாழ்ந்த மேடையில் அமைத்தல் வேண்டும். அல்லது நீர்மூழ்கிப் பம்பை நாடவேண்டும்.

பம்பை ஓட்டுமுன் ஜலம் நிரப்புவதன் காரணமும் இதனால் விளங்கும். காற்றின் எடை ஜலத்தின் எடையில் சுமார் 800-ல் ஒரு பங்கு. காற்றை எவ்வளவு சுழற்றினும் போதிய அழுத்தம் உண்டாகாது.

எஞ்சினிற் பெரிய கப்பி மாட்டிப் பம்பை விரைவாக ஓட்டுவோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். வேகம் ஒன்றேகால் மடங்கானால் ஜலத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றேகால் மடங்கே ஆகும். வேண்டிய சக்தியோ ஏறக்குறைய இரு மடங்காகும். ஆதாயம் சிறிது, எஞ்சினுக்கும் பம்புக்கும் வரும் கேடு பெரிது. பம்பு செய்தவர் குறித்த வேகத்தை மீறாதிருத்தலே நன்று.

கிராம அதிகாரிகள் அறுவடைக் காலத்திற்கு முன்னரே இவ்விஷயங்களை, முக்கியமாக வண்டியின் பாரத்தையும் வேகத்தையும் பற்றி, குடிகளுக்கு எடுத்துரைப்பார்களாயின் பெரு நன்மை விளையும்.