கண்ணில்லாதவை எல்லாம் பங்காளிகள் அல்ல

டிரைலோபைட்டுகள் சுமார் 52 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைகளில் தலைகாட்டி, 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பூண்டோடு அழிந்துபோன கடல்வாழ் கணுக்காலிகள். 20,000 இனங்களுக்கு மேல் பெயர் சூட்டியாகிவிட்டது. யார் யாருக்கு என்ன உறவு என்பதில்தான் தவறான நம்பிக்கைகள் நிறைய.

நம்பிக்கை: பார்க்க ஒன்றுபோல் இருந்தால் ஒரே குடும்பம்.

பெரிய நிபுணர்களே வழுக்கிய இடம் இது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் பீச்சர், 1897இல் டிரைலோபைட்டுகளை மூன்று வரிசைகளாகப் பிரித்தார். சட்டை உரிக்கும்போது தலை ஓடு பிளக்கும் கோடு எங்கே ஓடுகிறது என்பதே அவருடைய அளவுகோல். அந்தக் கோடு மேற்புறம் தெரியாதவையும், சரியான கூட்டுக்கண் இல்லாதவையுமான அக்னோஸ்டஸ், ஹார்ப்பெஸ், டிரைனூக்ளியஸ் வகைகள் ஹைப்போபேரியா என்ற ஒரே வரிசைக்குள் போயின. இன்று அவை மூன்றும் மூன்று தனி வரிசைகள்.

ஓர் உறுப்பை இழப்பது, புதிதாகப் பெறுவதைவிடச் சுலபம். டெவோனியக் காலத்தின் இறுதியில் பேகாப்ஸ் வழியிலும் புரோயட்டஸ் வழியிலும் கண்கள் தனித்தனியாகச் சிறுத்து மறைந்தன. எதிர்த்திசையிலும் இதே கதைதான். திறந்த கடலில் நீந்திய கரோலினைட்டஸ், சைக்ளோபைஜி இரண்டுக்கும் தலையின் பக்கங்களை நிறைக்கும் பிரம்மாண்டமான கண்கள். நெருங்கிய உறவு மட்டும் கிடையாது. வாழ்க்கைமுறை கொடுத்த சாயலைப் பிறப்பு கொடுத்த சாயலாக எடுத்துக்கொண்டால், உறவுகளைக் காட்டும் குடும்ப மரம் கோணிவிடும்.

அதனால் கவனம் அடிப்பக்கத்துக்கும் இளம்பருவத்துக்கும் திரும்பியது. ரிச்சர்டு ஃபோர்ட்டியும் பிரையன் சாட்டர்டனும் 1988இல் அசாஃபிடா வரிசையை வரையறுத்தபோது, தலையின் கீழ்ப்புறம் நடுவே ஓடும் கோட்டையும், பந்துபோல் உப்பிய இளவுயிரியையும் அடையாளமாக வைத்தார்கள். டிரைனூக்ளியஸ் வகைகளும் அதற்குள் சேர்ந்தன. 2020இல் வெளிவந்த மறுஆய்வு ஒன்று அவற்றை மீண்டும் பிரித்துத் தனி வரிசையாக்கியது. மறைவாக இருக்கிறது என்பதற்காக ஒரு சாட்சி உண்மையே பேசும் என்று சொல்லிவிட முடியாது.

நம்பிக்கை: கீழ்ப்படுகையில் கிடப்பது தாத்தா, மேற்படுகையில் கிடப்பது பேரன்.

சில நேரம் அப்படித்தான். பீட்டர் ஷெல்டன் 1987இல் வேல்ஸ் நாட்டுப் பாறைகளில் எட்டு வழிகளைத் தொடர்ந்து பார்த்து, வால் தகட்டின் விலாக்கோடுகள் மெல்ல மெல்லக் கூடியதைக் காட்டினார். ஆனால் பேகாப்ஸ் ரானா என்ற டிரைலோபைட்டின் கதை வேறு. அமெரிக்க உள்நாட்டுப் பாறைகளில் கீழே இருப்பவற்றின் கண்ணில் 18 நெடுவரிசை வில்லைகள். மேலே இருப்பவற்றில் 17. அதே இடத்தில் ஒன்று மற்றொன்றாக மாறியதுபோலத் தோன்றும். நைல்ஸ் எல்ட்ரெட்ஜ் நியூயார்க் பக்கத்துப் பாறைகளையும் சேர்த்துப் பார்த்தார். 17 வரிசை வகை கிழக்கு ஓரத்தில் முன்பே உருவாகி, உள்நாட்டுக் கடல் வற்றி மறுபடி நிரம்பியபோது அங்கே குடியேறியிருந்தது. உள்நாட்டில் கீழே கிடந்தது அதற்குப் பெரியப்பா முறையே தவிர, அப்பன் அல்ல. எல்ட்ரெட்ஜும் ஸ்டீபன் ஜே கூல்டும் 1972இல் முன்வைத்த இடைவிட்ட சமநிலைக் கருத்துக்கு (இனங்கள் நெடுங்காலம் பெரிதாக மாறாமல் இருந்து, இடையிடையே விரைவாக மாறும் என்பது அது) ஆதாரமாக நின்றவற்றுள் இதுவும் ஒன்று.

நம்பிக்கை: டி.என்.ஏ. பார்த்தால் தீர்ந்தது.

இத்தனை கோடி ஆண்டு டி.என்.ஏ. தாங்காது. ஓட்டின் பண்புகளை அட்டவணையிட்டு, குறைந்த மாற்றங்களில் அவற்றை விளக்கும் மரத்தைக் கணினியில் தேடுவது ஒரு முறை. எந்தப் பண்பை அட்டவணையில் சேர்ப்பது என்ற சண்டையைக் கணினி தீர்த்துவைக்காது.

நம்பிக்கை: குதிரைலாட நண்டு டிரைலோபைட்டின் வாரிசு.

அதன் இளவுயிரிக்கு டிரைலோபைட் சாயல் உண்டு, அவ்வளவுதான். குதிரைலாட நண்டுக்கு உணர்கொம்பு இல்லை. வாய்க்கு முன்னால் இருப்பவை கிடுக்கிக் கால்கள். டிரைலோபைட்டுக்கு உணர்கொம்பு இருந்ததை நியூயார்க் மாநிலத்தின் ட்ரையார்த்ரஸ் படிவங்கள் துல்லியமாகக் காட்டின. அவற்றை 1890களில் விவரித்தவர் நாம் மேலே பார்த்த அதே பீச்சர்.

அவர் ஹைப்போபேரியாவில் போட்ட அக்னோஸ்டஸ் வகை டிரைலோபைட்டே அல்ல என்ற வாதமும் உண்டு. சுவீடனில் கிடைத்த கால்களுடன் கூடிய படிவங்களை 1987இல் விவரித்தபோது அவை நண்டு, இறால் போன்ற ஓட்டுடலிகளுக்கு நெருக்கமாகத் தோன்றின. கனடாவின் பர்ஜெஸ் ஷேல் படிவங்களை ஆராய்ந்தவர்கள் 2019இல் அவற்றை மறுபடி டிரைலோபைட்டின் பக்கத்தில், உடன்பிறப்பின் இடத்தில், கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.