சந்தையில் முழுமை பெறும் மொழி

செருமானிய மொழி பயில ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா செல்லும் மாணவர், உருளைக்கிழங்கைக் 'கார்டோஃபெல்' என்றே பாடநூலில் கற்றிருப்பர். அந்நகரின் நாஷ்மார்க்ட் சந்தையிலோ அது 'எர்டாப்ஃபெல்'. அஃதாவது, மண் ஆப்பிள். நம் இலக்கணம் கூறும் திசைச்சொல்லை ஒத்தது இது. 1995-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்தபோது, இத்தகைய 23 உணவுச் சொற்களுக்கு ஆஸ்திரியா உடன்படிக்கையிலேயே காப்புப் பெற்றமை நாம் எண்ணத்தக்கது. ஒரு கோப்பைக் காப்பியோடு நெடுநேரம் அமர்ந்து நாளிதழ் படிக்க இடந்தரும் காப்பிக் கடைகளும் அங்குண்டு. அடுத்த மேசையின் உரையாடலும் ஆங்கே பாடமாகும். அறைக்குள் அடைந்து படிப்பவர் தேர்வில் வெல்லலாம்; கடைக்காரர் மறுமொழி கூறுங்கால் திகைத்து நிற்பர். ஆதலின், மொழி கற்கச் சென்றோர் ஊர் காண்பது வீண்பொழுதன்று. அதுவும் கல்வியே என்பது நம் துணிபு.