மேகத்தினூடே காணும் செயற்கைக்கோளும் தென்காசி வயல்களும்

விண்வெளி ஆராய்ச்சியைப் பற்றிப் பத்திரிகைகளில் நாம் அடிக்கடி வாசிக்கிறோம். 2023-ம் வருஷம் ஆகஸ்டு 23-ந் தேதி சந்திரயான்-3 சந்திரனில் இறங்கியதும், மனிதரை விண்ணுக்கு அனுப்பக் ககன்யான் ஏற்பாடுகள் மேற்கொள்ளப்பட்டதும் நமது தேசத்திற்குப் பெருமை தருவனவே. ஆயினும் ஏர் பிடித்து உழுபவருக்கு இவற்றால் யாது பிரயோஜனம் என்று மிராசுதார்கள் கேட்பது நியாயமேயாகும். அக்கேள்விக்குத் தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் பகுதிகளை முன்னிட்டு இங்கே விடை கூறப்படுகிறது.

சாரல் காலத்து இடையூறு

செயற்கைக்கோள்களிற் பல, நமது கண்ணைப்போலவே சூரிய வெளிச்சத்தைக் கொண்டு பூமியைப் படம் பிடிப்பவை. 2016-ம் வருஷம் டிசம்பர் 7-ந் தேதி ஏவப்பட்ட ரிசோர்ஸ்சாட்-2ஏ இவ்வினத்தைச் சேர்ந்தது. வானம் தெளிந்திருக்கையில் இவற்றின் படங்கள் மிகவும் உபயோகமானவை. ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து, குற்றாலத்தில் சாரல் பொழியும்போது, மேகத்தின் மேற்புறமே படத்தில் விழும். கார் நெல் நடவாகி வளரும் காலமும் இதுவே. பிசானப் பருவத்திலோ வடகிழக்குப் பருவமழை மேகம் மறைக்கிறது. எனவே பயிரின் நிலையை அறிய வேண்டிய சமயத்திலேயே இவ்வகைக் கோள்களுக்குப் பார்வை இல்லாமற் போகிறது.

நிஸார்

இக்குறையை நீக்குவது ரேடார் முறை. கோளிலிருந்தே வானொலியைப் போன்ற நுண்ணலைகளை அனுப்பி, பூமியில் பட்டுத் திரும்பும் அலையை வாங்கிப் படமாக்குவது இதன் தத்துவம். இவ்வலைகளுக்கு மேகமும் இருளும் தடையல்ல. இந்தியா 2022-ம் வருஷம் பெப்ரவரி 14-ந் தேதி ஏவிய இ.ஓ.எஸ்.-04 இத்தகையது. பின்னர் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் நாஸாவும் கூடிச் செய்த நிஸார், 2025-ம் வருஷம் ஜூலை 30-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. இதில் இருவேறு அலைநீளமுள்ள இரண்டு ரேடார்கள் உள. குடைபோல் விரியும் இதன் வலைத்தட்டு 12 மீட்டர் குறுக்களவுடையது. 12 நாட்களில் ஏறக்குறைய உலகின் நிலப்பரப்பு முழுவதையும் இரு முறை பார்க்கும்படி இக்கோள் அமைக்கப்பட்டது.

நெல்வயல் தென்படும் விதம்

தொளி கலக்கி நீர் நிறுத்திய வயல் கண்ணாடிபோல் சமமாயிருப்பதால், சாய்வாக வந்து விழும் அலையை அப்பால் தெறித்துவிடும். கோளுக்குத் திரும்புவது சொற்பம். ஆகையால் அவ்வயல் படத்தில் கறுத்துக் காணும். நாற்று வேரூன்றித் தூர் கட்டி உயரும்போது, தண்டிலும் இலையிலும் பட்டு அதிக அலை திரும்புவதால் வெளுத்துக் காணும். அடுத்தடுத்து எடுத்த படங்களை ஒப்பிட்டால் எப்போது நடவாயிற்று, எங்கே நடவாகவில்லை, எவ்வயல் வெள்ளத்தில் மூழ்கிற்று என்பவற்றை மதிப்பிடலாம். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார், 2014-ல் ஏவப்பட்ட ஐரோப்பியக் கோளாகிய சென்டினெல்-1ஏ எடுத்த படங்களைக் கொண்டு இம்முறையிலேயே நெற்பரப்பைக் கணக்கிட்டுள்ளனர்.

நமது பக்கத்தின் பங்கு

இத்தகைய கோள்களை மேலே ஏற்றும் வேலையில் நமது தென்பகுதிக்கும் பங்குண்டு. திருநெல்வேலி ஜில்லா பணகுடிக்கு அருகே மகேந்திரகிரியிலுள்ள நிலையத்தில் ராக்கெட்டுகளின் திரவ எரிபொருள் எஞ்சின்கள் பரீட்சிக்கப்படுகின்றன. தூத்துக்குடி ஜில்லா குலசேகரன்பட்டினத்தில் சிறு ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்திற்கு 2024-ம் வருஷம் பெப்ரவரி 28-ந் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்துருவம் நோக்கிச் செல்லும் ராக்கெட் இலங்கையைத் தவிர்த்து வளைந்து போக வேண்டியிருப்பதால் எரிபொருள் வீணாகிறது. குலசேகரன்பட்டினத்திலிருந்தோ கடல்மேல் நேரே தெற்கு நோக்கிச் செலுத்தலாம். ஏவும் முயற்சி எல்லாம் கைகூடுவதில்லை என்பதையும் மறத்தலாகாது. 2025-ம் வருஷம் மே 18-ந் தேதி அனுப்பிய இ.ஓ.எஸ்.-09 என்னும் ரேடார் கோள், ராக்கெட்டின் மூன்றாம் அடுக்கில் நேர்ந்த கோளாறினால் இழக்கப்பட்டது.

கோளினால் இயலாதவை

படம் என்பது சிறு புள்ளிகளின் தொகுதி. ஒரு புள்ளி பத்து மீட்டர் சதுரமாயின் அது சுமார் இரண்டரை சென்ட் நிலத்தைக் குறிக்கும். ஆகவே பத்து சென்ட் துண்டு நிலம் நான்கு புள்ளிகளே. பக்கத்து வயலின் சாயலும் அதிற் கலந்துவிடும். மலையடிவாரத்தில் மலைச்சரிவே சில இடங்களை ரேடாருக்கு மறைத்தல் கூடும். குளத்தின் நீர்ப்பரப்பு படத்தில் தெரியும். அதன் ஆழமும், படிந்துள்ள வண்டலும் தெரியா. அருவியில் திடீரெனப் பெருகும் வெள்ளத்தைப் பல நாட்களுக்கொரு முறை வரும் கோள் முன்கூட்டிச் சொல்லாது. அதற்கு, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்று மேகங்களை இடைவிடாது கவனிக்கும் இன்சாட் வகைக் கோள்களும், தரையிலுள்ள மழைமானிகளும் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, பயிர் இன்னாருடையது என்பதைக் கோள் அறியாது. அதைச் சொல்வது கிராமக் கணக்கே.

செய்யத்தக்கவை

பயிர்க் காப்பீட்டில் 2023-ம் வருஷம் முதல் நெல்லுக்கும் கோதுமைக்கும் மகசூல் மதிப்பீட்டில் 30 சதவிகிதமேனும் செயற்கைக்கோள் முதலிய தொழில்நுட்ப வழியிற் பெறப்பட வேண்டுமென்று மத்திய அரசாங்கம் வகுத்தது. ஆதலின் படமும் கணக்கும் முரண்பட்டால் நஷ்டம் குடியானவரையே சேரும். அதைத் தவிர்க்கக் கீழ்க்கண்டவை நலம்:

1. நாற்றுவிட்ட தேதி, நடவுத் தேதி, நெல் ரகம், அறுப்புத் தேதி ஆகியவற்றைச் சர்வே எண், உட்பிரிவுடன் ஒரு நோட்டில் தவறாது எழுதி வைக்க.

2. கிராம நிர்வாக அலுவலர் வயலை நேரிற் கண்டு அடங்கலில் பதிக. சென்ற வருஷத்துப் பதிவை அப்படியே பெயர்த்தெழுதுதல் கூடாது.

3. நெல் வயல் தென்னந்தோப்பாகவோ தரிசாகவோ மாறியிருப்பின், அம்மாறுதலை அப்பருவத்திலேயே கணக்கில் ஏற்றுக.

4. வெள்ளத்தாலோ வறட்சியாலோ சேதம் நேரிட்டால், நேரிட்ட நாளையும் சேதமான பரப்பையும் குறித்துத் தாமதமின்றி எழுத்து மூலம் அறிவிக்க.

5. பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்கும்போது மிராசுதார்கள் உடனிருந்து, அளவையும் எடையையும் பார்த்துக்கொள்க.

விண்ணிலிருந்து வரும் படம் ஒரு சாட்சியே. வயலில் நின்று எழுதிய உண்மையான குறிப்பு மற்றொரு சாட்சி. இரண்டும் ஒத்திருக்கும் கிராமத்தில் குடியானவரின் நியாயமான உரிமைக்குப் பழுது நேராது.