இரண்டு முழ நூலும் நான்கு நண்பர்களும்

வேத வாசிப்பு: மாற்கு 2:1–12





இம்மாதப் பாடத்தை எங்கள் தவறு ஒன்றை அறிக்கையிட்டுத் தொடங்குகிறோம். வாலாஜாபாத்தை அடுத்த ஒரு நெசவுக் கிராமத்திலிருந்து, ஐம்பது வயதைத் தாண்டிய பட்டு நெசவாளர் ஒருவர் பாதத்தில் ஆறாத புண்ணோடு நம் மருத்துவமனைக்கு வந்தார். தறிக்குழியில் மிதிகட்டையை மிதித்து உண்டான காயம் அது. சர்க்கரை நோயால் பாதம் உணர்ச்சி மங்கிப்போயிருந்தபடியால், காயம் பட்டதே அவருக்குத் தெரியவில்லை. இரண்டு விரல்களை எடுக்கவேண்டியதாயிற்று.

படுக்கையருகே ஜெபிக்கச் சென்றபோது அவர் எங்களை அடையாளம் கண்டுகொண்டார். பத்து ஆண்டுகளுக்கு முன் அவருடைய ஊரில் நாங்கள் நடத்திய முகாமுக்கு வந்திருக்கிறார். அன்று அவருக்கு நோய் வரவில்லை. வரும் அறிகுறி மட்டுமே இருந்தது. தொப்பையைக் குறைக்கும்படி அச்சடித்த உணவுச் சீட்டு ஒன்றைக் கொடுத்தோம். அதில் ஓட்ஸும் ஆப்பிளும் கோதுமை ரொட்டியும் இருந்தன. அது போதாதென்று, பெருந்தீனியின் பாவத்தைக் குறித்து ஒரு சிறு பிரசங்கமும் செய்தோம்.

"ஐயா, சீட்டுல எழுதினது எதுவும் எங்க தெருவுல விக்கிறதில்லீங்க. நீங்க பேசினதக் கேட்டப்புறம் திரும்பி வர வெக்கமா இருந்துச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எங்களுக்கு அதிகமாக வலித்தது.

கூரையைப் பிரித்தவர்கள்

கப்பர்நகூமில் நடந்த சம்பவத்தை நாம் சிறு வயதுமுதல் அறிவோம். திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்த நான்கு பேருக்கு வாசல் வழியே இடம் கிடைக்கவில்லை. கூட்டம் கலையட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை; நடக்க முடியாதவனைக் குறைகூறவுமில்லை. வழி அடைபட்டிருந்தால் வழியைத்தான் மாற்றவேண்டும் என்று கண்டு, கூரையைப் பிரித்தார்கள். ஆண்டவரும் அந்த நால்வருடைய விசுவாசத்தைப் பார்த்தார் என்று மாற்கு எழுதுகிறார்.

எங்கள் முகாமில் அன்று கூரை பிரிக்கப்படவில்லை. நோயாளிதான் நமது வாசலுக்கு ஏற்றபடி வளையவேண்டும் என்று எதிர்பார்த்தோம்.

நம் ஆண்களுக்கு வரும் ஆபத்து

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியோடு நாடெங்கும் நடத்தப்பட்ட பெரிய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியாயிற்று. இந்தியாவில் ஏறக்குறைய 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாசலில் நிற்பதாகவும் அது கணக்கிட்டது. இது நகரத்துப் பணக்காரரின் வியாதி என்ற காலம் போய்விட்டது.

நம்மவர்களுக்குக் கை கால்கள் மெலிந்திருந்தாலும் கொழுப்பு வயிற்றுக்குள் சேருகிறது. ஆகவேதான் இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று மருத்துவர்கள் வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆனால் இதை நம் ஆண்கள் உணருவதில்லை. கால்சட்டை இறுகினால் தெரியும். வேட்டியும் லுங்கியும் இறுகுவதில்லை! தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டால் போயிற்று. ஊரிலும் தொப்பையை வசதியின் அடையாளமாகவே பேசுகிறார்கள்.

நெசவாளரிடம் உடற்பயிற்சி செய்யுங்கள் என்றால், "நாள் முழுக்க உழைக்கிறேனே" என்பார். உண்மைதான். கையும் காலும் ஓயாமல் அசைகின்றன. உடலோ காலைமுதல் மாலைவரை ஒரே பலகையில் உட்கார்ந்திருக்கிறது. களைப்புத் தீர அடிக்கடி டீ வருகிறது. ஒரு டீக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரை என்றால் ஆறு டீக்குப் பன்னிரண்டு கரண்டி, அதாவது 50 கிராமுக்குக் குறையாது. மூன்று வேளையும் அரிசி உணவு இதோடு சேருகிறது.

நம்பிக்கை தரும் சான்றுகள்

சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2006-ல் வெளியாயிற்று. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர் அதில் சேர்ந்தார்கள், பெரும்பாலோர் ஆண்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் தொடர்ந்து திருத்திக்கொண்டவர்களில் 39 பேருக்கே வந்தது. கவனியுங்கள்: இவர்களுடைய உடல் எடை சொல்லும்படி குறையவில்லை. எடை குறைவது நல்லதுதான். ஆனால் தராசு முள் அசையாவிட்டாலும் முயற்சி வீணாவதில்லை. மனந்தளர்ந்த ஆண்களுக்கு இது நற்செய்தி அல்லவா? 2013-ல் அதே குழுவினர், வேலைக்குச் செல்லும் 537 ஆண்களிடையே செய்த ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் கைபேசியில் சிறு சிறு நினைவூட்டும் செய்திகளை அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகளில் அவர்களிடையே நோய் வந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர்; மற்றவர்களிடையே 27 பேர்.

நம் பக்கத்திலேயே சூனாம்பேட்டில் (அன்று காஞ்சிபுரம் மாவட்டம், இன்று செங்கல்பட்டு மாவட்டம்) 2006-ல் டாக்டர் வி. மோகனின் ஆராய்ச்சி நிறுவனத்தார் பரிசோதனை வண்டி ஒன்றைச் சுற்றியுள்ள 42 கிராமங்களுக்கும் கொண்டு சென்றார்கள். ஜனங்கள் மருத்துவமனையைத் தேடி வரவில்லை; மருத்துவமனை அவர்களைத் தேடிப் போயிற்று. 2021-ல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் இதே வழியில் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது.

கடல் கடந்தும் ஒரு சாட்சி உண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக் கறுப்பின ஆண்கள் பலர் மருத்துவரிடம் போகத் தயங்கினாலும், தங்கள் முடிதிருத்தும் கடைக்குத் தவறாமல் போவார்கள். மருந்தாளுநர்கள் அந்தக் கடைகளுக்கே சென்று இரத்த அழுத்தத்துக்குச் சிகிச்சை அளித்தார்கள். ஆறு மாதத்தில் மேல் அளவு சராசரியாக 27 புள்ளிகள் குறைந்ததாக 2018-ல் அறிவித்தார்கள். தாங்கள் நம்புகிறவரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அந்த ஆண்கள் செவிகொடுத்தார்கள்.

தறிக்கு ஏற்ற மருந்து

அந்த நெசவாளரையே எங்கள் ஆசிரியராக வைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினோம். பழைய சீட்டை விட்டுவிட்டோம். இப்போது நாங்கள் சொல்லிக்கொடுப்பவை இவை:

1. 90 சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய இரண்டு முழம். அந்த அளவுக்கு ஒரு நூலை அளந்து வெட்டி ஒவ்வொருவருக்கும் கொடுக்கிறோம். லுங்கி கட்டும் இடத்தில் அல்ல, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றிப் பார்க்கவேண்டும். நூல் எட்டாவிட்டால் எச்சரிக்கை. இந்த யோசனை அவருடையதே.

2. சோற்றை விடவேண்டாம். தட்டில் பாதி கீரை, காய். கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன். மீதிக் கால் பங்கு சோறு. புரட்டாசியில் அசைவம் தவிர்ப்பவர்களுக்குப் பயறும் மொச்சையும் உண்டு. கேழ்வரகுக் கூழ் நல்லதே. ஆனாலும் அளவில்லாமல் குடித்தால் அதுவும் சர்க்கரையை ஏற்றும்.

3. டீயை நிறுத்தச் சொல்லுவதில்லை. இந்த மாதம் ஒரு கரண்டி, அடுத்த மாதம் அரைக் கரண்டி.

4. நாடாவில் சில தார்கள் தீர்ந்ததும் குழியைவிட்டு எழுந்து தெருமுனைவரை நடந்து வரவேண்டும். காலையும் மாலையும் பதினைந்து நிமிடம் வேகநடை.

5. சமைக்கிறவர்களை விட்டுவிட்டு ஆண்களிடம் மட்டும் பேசிப் பயனில்லை. வீட்டம்மாமாரோடும் உட்கார்ந்து பேசுகிறோம்.

6. நான்கு நான்கு பேராகச் சேர்க்கிறோம். ஒருவர் நடக்க வராவிட்டால் மற்ற மூவரும் அவர் வீட்டுக் கதவைத் தட்டவேண்டும்.

ஒரு எச்சரிப்பு: சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், லெந்து நாட்களானாலும் அமாவாசையானாலும், மருத்துவரைக் கேளாமல் உபவாசம் இருக்கக்கூடாது. சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடக்கூடும்.

நமக்குரிய பாடம்

இவர்களில் பெரும்பாலோர் நம் சபையார் அல்ல. நூலைக் கொடுத்துவிட்டு அதில் தூண்டில் கட்டுவது நம் ஊழியமல்ல. ஜெபம் கேட்பவர்களோடு ஜெபிக்கிறோம், கேளாதவர்களோடு நடக்கிறோம். இரண்டிலும் ஆண்டவர் மகிமைப்படுவார் என்று விசுவாசிக்கிறோம்.

நீங்கள் அனுப்பும் காணிக்கை அறுவைசிகிச்சை அறைக்கு உதவுவதைக் கண்ணால் காணலாம். வெட்டப்படாத காலை யாரும் படமெடுத்து உங்களுக்கு அனுப்ப முடியாது. ஆனாலும் அந்தக் காலுக்காகவும் நீங்கள் கொடுக்கிறீர்கள். அந்தச் சகோதரர் மறுபடி தறியில் உட்காருகிறார். தினமும் இரவில் பாதத்தைப் பார்த்துக்கொள்கிறார். மாலையில் தம் தெருவைச் சேர்ந்த மூன்று வாலிபர்களை நடக்க அழைத்துச் செல்கிறார்.

சிந்திக்க:

1. நம் சபையில் உதவி தேடி வருபவருக்கு எந்த வாசல் அடைபட்டிருக்கிறது?

2. ஐக்கிய விருந்திலும் ஆராதனைக்குப் பின் தரும் தேநீரிலும் நாம் எதை மாற்றலாம்?

3. நாம் சுமக்கவேண்டிய அந்த ஒருவர் யார்? மற்ற மூவர் யார்?

ஜெபிக்க: நெசவாளர் குடும்பங்களுக்காக, கிராமங்களுக்குச் செல்லும் செவிலியர்களுக்காக, வெட்கத்தால் வராமலிருக்கும் ஆண்களுக்காக.

கிறிஸ்துவின் பணியில் உங்களோடு,
மருத்துவமனை ஆயர்